பேட்டையும் வேதக்கோயிலும்

1573-இல் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப், கடல் கடந்த தன் குடியேற்றங்களில் ஊர்கள் எப்படி அமைய வேண்டும் என்று ஒரு சட்டத்தொகுப்பு வெளியிட்டார். ஊருக்கு நடுவே சதுக்கம், அதைச் சுற்றி வணிகர்கள் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கத் தூண் வைத்த தாழ்வாரங்கள், பக்கத்தில் அரசு அலுவலகம், கொஞ்சம் மேடான இடத்தில் எங்கிருந்து பார்த்தாலும் தெரியும்படி தேவாலயம். மெக்சிகோவின் பழைய ஊர்கள் பலவற்றில் இந்த அமைப்பு இன்றும் கலையாமல் இருக்கிறது. ஓஹாகா பள்ளத்தாக்கிலுள்ள த்லகோலூலாவில் ஞாயிறுதோறும் சந்தை கூடுகிறது. வற்றலும் சோளமும் மண்பானையும் வான்கோழியும், 16ஆம் நூற்றாண்டில் தொமினிக்கன் துறவிகள் தொடங்கிய விண்ணேற்பு மாதா கோயிலைச் சுற்றிய தெருக்களில் விலைபோகின்றன. சாபொடெக் மக்களுக்குச் சந்தை அதற்கு முன்பே உண்டு. கோயில் பிறகு வந்து நடுவில் உட்கார்ந்தது. பக்கத்து ஊரான மித்லாவில் இன்னும் வெளிப்படை: பழைய சாபொடெக் அரண்மனை வளாகத்தின் மேலேயே தேவாலயத்தைக் கட்டிவிட்டார்கள்.

அங்கே விற்கும் மிளகாயின் உறவுதான் விருதுநகர் மண்டிகளில் மலையாகக் குவிந்து கிடக்கிறது. மிளகாய் மெக்சிகோ மண்ணின் செடி. போர்த்துகீசியர் கப்பலில் இந்தியாவுக்கு வந்து, கரிசலில் வேர்விட்டு, நம் பாட்டிமார் குழம்பில் ஏதோ சங்ககாலத்திலிருந்தே இருந்ததுபோல் பாவனை காட்டுகிறது. செடி வந்துவிட்டது, ஊர் அமைப்பு வரவில்லை. விருதுநகரில் பஜாரின் நடுவே இருப்பது தெப்பக்குளம். அதைச் சுற்றிக் கடைகள், சற்றுத் தள்ளிப் பராசக்தி மாரியம்மன் கோயில், தேசபந்து மைதானம். காலனி ஆட்சிக் காலத்துத் தேவாலயத்தைத் தேடினால் அது சந்தையின் நடுவில் கிடைக்காது. ஓரத்தில், வேறு தெருவில், வேறு ஊரில் இருக்கும். இத்தனைக்கும் தெற்கே நூறு கிலோமீட்டர் போனால் திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீமையில் ஊருக்கு ஊர் கோபுரம் உயர்ந்து நிற்கிறது. மெஞ்ஞானபுரத்துக் கோபுரம் 192 அடி. அந்தத் தேரிக்காட்டில் கிறிஸ்தவத்தில் பெருமளவில் சேர்ந்தவர்களும், வடக்கே விருதுபட்டியிலும் (விருதுநகரின் பழைய பெயர்) சிவகாசியிலும் கடை வைத்தவர்களும் ஒரே நாடார் சமூகத்தார். தெற்கே வேர்பிடித்த வேதம் வடக்கே ஏன் வெளிவாசலிலேயே நின்றது என்பதற்கு இறையியலில் விடை தேடுவதைவிட மண்டிச் சிட்டையில் தேடுவது பலன் தரும்.

சிட்டை என்றால் ஒரு நீளவாட்டுத் தாள். விவசாயியின் பெயர், மூட்டை எண்ணிக்கை, எடை, விலை. அதற்குக் கீழே கழிவுகள்: தரகு, ஏற்றுகூலி இறக்குகூலி, பிறகு மகமை. வற்றல் பருவத்தில் ஒரு மண்டிக்குள் நுழைந்தால் முதலில் மூக்குதான் வேலை செய்யும். தும்மிக்கொண்டே நுழைபவரை வெளியூர்க்காரர் என்று கண்டுகொள்வார்கள். தரையில் படுதா விரித்து அதன்மேல் வற்றல் குவியல். சுற்றிலும் பெண்கள் உட்கார்ந்து காம்பு கிள்ளுகிறார்கள். முக்காடும் முகத்தில் வரிந்த துணியுமாகக் கண் மட்டும் தெரிகிறது. கிள்ளிக் கிள்ளிக் காந்தலெடுத்த விரலோடு பிள்ளையைத் தூக்க முடியாது. துவரையோ உளுந்தோ வந்திருந்தால் வாங்க வந்தவர் மூட்டைக்குள் குத்தூசியைச் செருகி இழுத்து, உள்ளங்கையில் விழுந்த மணிகளை விரலால் புரட்டி, இரண்டைப் பல்லில் கடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் அடுத்த மூட்டைக்குப் போவார். அந்த மௌனமே பேரத்தின் தொடக்கம். இங்கே நிர்ணயமாகும் பருப்பு, வற்றல், எண்ணெய் விலைகளை ‘விருதுநகர் மார்க்கெட் நிலவரம்’ என்று நாளிதழ்கள் வெளியிடுகின்றன. ஏலமும் விளையாத, காப்பியும் விளையாத, மழைக்கு வானத்தையே பார்த்திருக்கும் ஒரு வறண்ட ஊர், பிற ஊர்களின் விளைச்சலுக்கு விலை சொல்கிறது.

மகமை என்ற அந்த ஒரு வரியில் இந்த வட்டாரத்தின் சரித்திரமே இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கருப்பட்டியும் புகையிலையும் உப்பும் கருவாடும் வண்டிகளில் ஏற்றிக்கொண்டு தெற்கிலிருந்து வடக்கே வந்த நாடார் வணிகர்கள், வழியில் திருட்டுக்கும் கொள்ளைக்கும் அஞ்சிச் சுற்றுச்சுவர் வைத்த வளாகங்களைக் கட்டிக்கொண்டார்கள். அதுதான் பேட்டை. உள்ளே வண்டி அவிழ்க்க இடம், மாட்டுக்குத் தண்ணீர், சரக்கு வைக்கக் கிட்டங்கி, படுக்கத் திண்ணை. சிவகாசி, விருதுபட்டி, திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களில் இப்படி வேரூன்றினார்கள். பேட்டையைப் பயன்படுத்தியவர் கட்டணம் கொடுத்தார். ஊரில் கடை வைத்தவர் தன் விற்றுமுதலில் சிறு பங்கு கொடுத்தார். இதுவே மகமை. வசூலித்ததும் செலவழித்ததும் உறவின்முறை, அதாவது அந்தந்த ஊர் நாடார்களின் சமூக அமைப்பு. கொடுக்காமல் நழுவியவரை உறவின்முறை சும்மா விடாது. கல்யாணத்துக்குப் போக மாட்டார்கள், சாவுக்கு வர மாட்டார்கள். அரசின் வரியைவிட இந்த வசூல் ஒழுங்காக நடந்ததற்கு அந்தப் பயமும் ஒரு காரணம்; இதைத் தர்ம சிந்தனை என்று மட்டும் சொல்லிக் கடப்பவர்கள் பாதிதான் சொல்கிறார்கள்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது (1861-65) இங்கிலாந்து ஆலைகளுக்கு அமெரிக்கப் பஞ்சு வராமல் போக, கரிசல் பருத்திக்கு விலை ஏறியது. 1876-இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் ஓடியது. விருதுபட்டி அந்தப் பாதையில் இருந்தது. பேட்டையின் சுவருக்கு இனிக் காவல் வேலை இல்லை. ஆனால் மகமை நிற்கவில்லை. பாதுகாப்புக்கென்று வாங்கிப் பழகிய பணம் கோயிலுக்கும் குளத்துக்கும் பள்ளிக்கும் திரும்பியது. 1880களில் விருதுபட்டியில் தோன்றிய சத்திரிய வித்தியாசாலையின் செலவுக்கு வீட்டுக்கு வீடு பிடி அரிசியும் எடுத்தார்கள். உலை வைக்குமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைத்தால், சேர்ந்ததைப் பள்ளிக்காக வாங்கிப் போவார்கள். ‘பிடியரிசிப் பள்ளிக்கூடம்’ என்றே அதற்குப் பெயர். 1903-இல் அந்த ஊரில் பிறந்த காமராஜர் படித்தது அங்கேதான். பிடியரிசியையும் பின்னால் அவர் முதலமைச்சராக இருந்து கொண்டுவந்த மதிய உணவையும் முடிச்சுப் போடுவது மேடைப் பேச்சாளர்களுக்குப் பிடித்த வேலை. அவர்களைக் குறை சொல்ல முடியாது, முடிச்சு அவ்வளவு கைக்கு வாகாக இருக்கிறது. 1947-இல் கல்லூரியும் வந்தது.

இனி வேதக்கோயில் பக்கம் வருவோம். இந்தச் சீமைக்குக் கிறிஸ்தவம் ஒரே வாசல் வழியாக வந்ததல்ல. முதலில் வந்தவர்கள் மதுரை மிஷனின் இயேசு சபையினர். கோவில்பட்டிக்குப் பக்கத்திலுள்ள காமநாயக்கன்பட்டியில் 17ஆம் நூற்றாண்டிலேயே அவர்களுக்கு இருப்பு இருந்தது. பிறகு தமிழில் பெரும்பெயர் பெற்ற வீரமாமுனிவர், இத்தாலியிலிருந்து வந்த புதிதில் பணிபுரிந்த ஊர்களில் அதுவும் ஒன்று. மெக்சிகோவில் துறவிக்குப் பின்னால் படை நின்றது. இங்கே துறவி எட்டயபுரம் பாளையக்காரரின் தயவில் நின்றார். எனவே அவர் யாருடைய கோயிலையும் இடித்து அதன்மேல் கட்டும் நிலையில் இல்லை. காவி கட்டி, புலால் தவிர்த்து, ஊர் வழக்கத்தோடு ஒத்துப்போனார். ஆனாலும், த்லகோலூலாவை நினைவூட்டும் காட்சி இந்த வட்டாரத்தில் ஏதாவது உண்டென்றால் அது காமநாயக்கன்பட்டியில் ஆகஸ்ட் 15 அன்றுதான். அங்கும் விண்ணேற்பு மாதா, இங்கும் அதே மாதா. ஊர்வழக்கில் பரலோக மாதா. திருவிழாவுக்குச் சாதி சமயம் பாராமல் கூட்டம் வரும். கோயிலைச் சுற்றி உருண்டும் விழுந்து எழுந்தும் கும்பிடு சேவை செய்பவர்களின் ஈர உடையில் மண் அப்பியிருக்கும். அவர்கள் கடந்துபோன சில அடிக்கு அப்பால் வளையல் கடை, பொரிகடலைக் கடை, ராட்டினம். சந்தை கோயிலிடம் வருகிறது, இரண்டு நாளில் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போய்விடுகிறது.

அடுத்து வந்தவர்கள் ஆங்கிலேயச் சர்ச் மிஷனரி சங்கத்தார், கூடாரத்தோடு வந்தவர்கள். தாமஸ் கஜெட்டன் ராக்லண்ட் 1815-இல் ஜிப்ரால்டரில் பிறந்தவர். பெற்றோரை இழந்து, லிவர்பூலில் மாமனின் வியாபார நிறுவனத்தில் கணக்கு எழுதி, பிறகு கேம்பிரிட்ஜில் கணிதம் படித்து அந்த ஆண்டுத் தேர்வில் நான்காம் இடம் பெற்று, கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் உறுப்பினராகி, எல்லாவற்றையும் விட்டுவிட்டு மதராசுக்கு வந்தவர். சங்கத்தின் மதராஸ் செயலர் பதவியில் இருந்த அவர், 1854-இல் டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் என்ற இரு இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு வடதிருநெல்வேலிக்குப் புறப்பட்டார். சிவகாசியும் ஸ்ரீவில்லிபுத்தூரும் சாத்தூரும் அப்போது திருநெல்வேலி ஜில்லா. 1910-இல் இராமநாதபுரத்தோடு சேர்ந்து, 1985-இல் காமராஜர் மாவட்டமாகி, பிறகு விருதுநகர் மாவட்டம் என்ற பெயர் பெற்றது. ராக்லண்டின் திட்டம் விசித்திரமானது. பங்களா வேண்டாம், கோயில் கட்ட வேண்டாம், ஊருக்கு வெளியே மரத்தடியில் கூடாரம் அடித்துத் தங்குவது, சுற்றுவட்டாரக் கிராமங்களை ஒவ்வொன்றாக நடந்தும் குதிரையிலும் பார்ப்பது, முடிந்ததும் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு நகர்வது. வைப்பாற்றுக் கரிசலில் சித்திரை வெயிலைக் கூடாரத்துக்குள் கழிப்பது என்னவென்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நுரையீரல் கெட்டு, இரத்தம் கக்கி, 1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியில் இறந்தார், வயது 43. அவரைப் பற்றி டோனாவூர் ஏமி கார்மைக்கேல் பின்னாளில் ஒரு நூல் எழுதினார்.

கூடாரம் நகர்ந்துகொண்டே இருந்தது. நின்ற இடம் சிவகாசிக்கு மேற்கே சாட்சியாபுரம். சிவகாசியிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பேருந்துப் பயணிகள் அந்த ஊரை நெடுங்காலம் ரயில்வே கேட்டை வைத்துத்தான் அடையாளம் சொன்னார்கள். கேட் மூடிக் காத்துக் கிடந்த கதை எல்லாரிடமும் உண்டு. தென்னிந்தியத் திருச்சபையின் மதுரை-இராமநாதபுரம் பேராயத்தைச் சேர்ந்த கோயிலும் பள்ளிகளும் அங்கே இருக்கின்றன. பட்டணத்துக்கு வெளியே, சந்தையிலிருந்து ஒதுங்கி, தனக்கென ஒரு சிறு ஊராக அமைந்ததுதான் அதன் தனித்தன்மை. அருப்புக்கோட்டைப் பக்கம் அமெரிக்க மதுரை மிஷன் மண்டபசாலையில் நிலையம் வைத்ததும் இதே மாதிரி கிராமப்புறத்தில்தான்.

தெற்கே நிலவரம் வேறு. தேரியில் பனையேறியவருக்குக் கைக்காசு இல்லை, கடன் உண்டு. நிலக்காரனுக்கு எதிரே நிற்கத் துணை இல்லை. மிஷனரி பள்ளி தந்தார், வழக்கு வந்தால் கலெக்டருக்குக் கடிதம் எழுதினார், பஞ்சத்தில் கஞ்சி ஊற்றினார், தனிக் குடியிருப்பு அமைத்துக் கொடுத்தார். மெஞ்ஞானபுரமும் நாசரேத்தும் அப்படி எழுந்த ஊர்கள். வடக்கே பேட்டைக்காரருக்கு இவற்றில் எது தேவைப்பட்டது? பள்ளியைப் பிடியரிசியில் நடத்தினார். வழக்குக்கு வக்கீல் வைக்க மகமை இருந்தது. கோயில் கதவு அடைக்கப்பட்டபோது சிவகாசியில் பத்திரகாளியம்மனுக்கும் விருதுபட்டியில் மாரியம்மனுக்கும் தன் செலவில் விழா எடுத்தார். மிஷன் கொடுக்கக்கூடிய ஒவ்வொன்றையும் சந்தை முன்பே கொடுத்திருந்தது. போதாக்குறைக்கு, 1849-இல் கால்டுவெல் ஐயர் இந்தச் சமூகத்தைப் பற்றி எழுதிய சிறுநூலின் தொனி படித்தவர்களைக் கொதிக்க வைத்திருந்தது. தென்கோடிப் பனைக்காட்டில் கண்டதை வைத்து ஒரு சமூகத்தையே எடைபோட்டார் அவர். திராவிட மொழிகளுக்கு அவர் செய்தது பெரிது என்பதால் இதை மறைக்க வேண்டியதில்லை.

ஒரு வாதம் வரலாம்: பணம் இருந்தால் மதம் மாற மாட்டார்களா? மாறினார்கள், அதுவும் பணத்தைக் கொண்டே. அந்த இடம் கழுகுமலை. சிவகாசிக்குத் தெற்கே, ஒரே பாறையைக் குடைந்த முருகன் கோயிலும் சமணச் சிற்பங்களும் வெட்டுவான் கோயிலும் உள்ள ஊர். கோயில் எட்டயபுரம் ஜமீனுடையது. தேரோடும் தெருக்களில் தங்கள் கல்யாண ஊர்வலம் போக நாடார்கள் உரிமை கேட்டார்கள், ஜமீன் மறுத்தது. நீதிமன்றத்துக்குப் போயும் பலன் கிடைக்காதபோது, வணிகத்தில் கைதேர்ந்தவர்கள் செய்யும் காரியத்தைச் செய்தார்கள். தேரோட்டப் பாதையில் இடம் வாங்கினார்கள். பாளையங்கோட்டையிலிருந்த இயேசு சபைக் குரு கௌசானலை அணுகிக் கத்தோலிக்கர் ஆனார்கள். வாங்கிய இடம் ஜெபக்கூடம் ஆயிற்று. தேவாலயத்தின் முன் பந்தல் இருக்கையில் தேர் எப்படிப் போகும்? 1895 பங்குனி உத்திரத்தில் இதுவே கலவரமாக வெடித்தது. ஜமீன் மேலாளர் குத்திக் கொல்லப்பட்டார். நாடார்களின் வீடுகள் எரிந்தன. இரு தரப்பிலும் உயிர்கள் போயின.

காலனிக் காலத் தேவாலயம் என்றதும் அதிகாரத்தின் கட்டடம் என்று நினைத்துப் பழகியிருக்கிறோம். மெக்சிகோவுக்கு அது சரி. கழுகுமலையில் தேவாலயம் ஒரு தெருவின் மூலையில் நட்ட கொடி. நட்டவர் ஸ்பானிய மன்னரும் அல்ல, விக்டோரியா மகாராணியும் அல்ல, தெருவில் நடக்க இடம் கேட்ட கடைக்காரர். விசுவாசம் இல்லை என்று நான் சொல்லவில்லை. அடுத்தவர் நெஞ்சைத் திறந்து பார்க்கும் ஆய்வுமுறை எதுவும் கிடையாது. ஆனால் எந்த மனை, எந்தத் தெரு, எந்தத் திருவிழாவுக்கு முன் என்று பார்த்தால் கணக்கு தெளிவாக இருக்கிறது.

அதே கணக்கை வேறு வழியிலும் போட்டுப் பார்த்தார்கள். 1897-இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நுழைந்தார்கள். இராமநாதபுரம் ஜமீன்தார் பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடுத்தார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908-இல் நாடார் தரப்பு தோற்றது. சிவகாசியில் விசுவநாதர் கோயில் நுழைவு உரிமைப் பூசல் முற்றி 1899 ஜூன் 6 அன்று சுற்றுவட்டாரத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் திரண்டு ஊரைத் தாக்கினார்கள். சிவகாசிக்காரர்களும் திருப்பித் தாக்கத் தயாராகத்தான் இருந்தார்கள். கமுதி வழக்கின் செலவைத் தாங்கியதும், சிவகாசியில் எரிந்த வீடுகளைத் திரும்ப எழுப்பியதும் எந்தப் பணம் என்று திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. நாற்பது ஆண்டு கழித்து, 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் அழைத்துச் சென்ற சிறு குழுவில் கக்கன் முதலிய தாழ்த்தப்பட்ட வகுப்பினரோடு விருதுநகர்ச் சண்முக நாடாரும் இருந்தார்.

ஸ்பானியச் சதுக்கத்துக்குச் சந்தை, கோயில் தவிர மூன்றாவது வேலை ஒன்று உண்டு: ஊர் கூடிப் பேசுவது. விருதுநகரில் அந்த வேலையைப் பஜாரும் மைதானமும் பார்த்தன. 1931 ஆகஸ்டில் சுயமரியாதை இயக்கத்தின் மூன்றாம் மாகாண மாநாடு இந்த ஊரில் கூடியது. மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கும் கடைக்காரர்கள் நாத்திக மாநாட்டுக்கும் பந்தல் போட இடம் கொடுத்தார்கள், முரண்பாடு என்று யாரும் பதறியதாகத் தெரியவில்லை. 1956 ஜூலை 27 அன்று சங்கரலிங்கனார், மதராஸ் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைப்பது உள்ளிட்ட 12 கோரிக்கைகளுடன் உண்ணாவிரதம் தொடங்கினார். தேசபந்து மைதானத்தில், பங்குனிப் பொங்கல் கூட்டம் நெரியும் அதே வட்டாரத்தில், கிழவர் படுத்துக் கிடந்தார். முதலமைச்சர் அதே ஊர்க்காரர். அக்டோபர் 13 அன்று மதுரை மருத்துவமனையில் உயிர் போயிற்று. பெயர் மாற 1969 வரை ஆயிற்று.

இதுவரை சொன்னதில் சந்தையின் பெருமை கூடிவிட்டது. அதன் எல்லையையும் சொல்ல வேண்டும். மகமை உறவின்முறையின் பணம். உறவுக்கு வெளியே அது போகாது. பேட்டைக்கு வெளியே கூலிக்கு மூட்டை சுமந்தவருக்கும், கரிசலில் பருத்தி எடுத்தவருக்கும் அதில் கணக்கு இல்லை. பள்ளிகள் பின்னாளில் எல்லோருக்கும் திறந்தன. ஆனால் அவற்றை நிர்வகிக்கும் குழுவுக்கு வாக்களிப்பவர் யார் என்பது மாறவில்லை. சாட்சியாபுரத்துப் பள்ளிகள் தேவைப்பட்டது மகமை எட்டாத இந்த வீடுகளுக்குத்தான் என்பது என் வாசிப்பு. ராக்லண்டின் கூடாரம் கடைத்தெருவைத் தாண்டிக் கிராமங்களுக்குப் போனதன் பலன், அவர் எண்ணியிராத இந்த விதத்தில் கிடைத்தது.

சிவகாசி இந்த எல்லையை இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. 1920களின் தொடக்கத்தில் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டியிலிருந்து மத்தாப்பு, மத்தாப்பிலிருந்து பட்டாசு, பெட்டிமேல் ஒட்டும் லேபிளுக்காக அச்சுத்தொழில். மழை பொய்ப்பதே இங்கே முதலீடு: மருந்து காய வெயில் வேண்டும், கூலிக்கு வர விளைச்சல் பொய்த்த ஊர்கள் வேண்டும். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரம் முழுக்கக் கரிசலில் வெள்ளையடித்த ஒற்றை அறைகள் இடைவெளி விட்டு நிற்பதைப் பார்க்கலாம். ஒன்று வெடித்தால் அடுத்ததைத் தொடக்கூடாது என்பதற்காக அந்த இடைவெளி. ஆலைகளை ஊரில் உரிமத்தை வைத்துத்தான் சொல்வார்கள்: நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டி.ஆர்.ஓ. லைசென்ஸ். பெரியது முதல் சிறியது வரை அதுதான் வரிசை. உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அறைகளை உள்குத்தகைக்கு விடுவதும், குத்தகைக்காரர் போட்ட பணத்தை எடுக்க ஓர் அறைக்குள் கூடுதல் ஆளையும் கூடுதல் மருந்தையும் திணிப்பதும் விபத்துக்குப் பின் வரும் விசாரணைகளில் திரும்பத் திரும்பப் பேசப்படுகின்றன.

மெக்சிகோவுக்கும் ஒரு சிவகாசி உண்டு. தலைநகருக்கு வடக்கேயுள்ள துல்தெபெக். அங்கே பட்டாசு தேவாலயத் திருவிழாவுக்குள் பிறந்து வளர்ந்தது. தொழிலாளரின் காவலர் புனித ஜான். கிரனாடாவில் எரியும் மருத்துவமனைக்குள் புகுந்து நோயாளிகளைத் தூக்கி வந்தும் தீக்காயம் படாதவர் என்பது அவர் கதை. மார்ச் 8 அவர் திருநாள். மூங்கிலிலும் காகிதத்திலும் செய்த காளைகளின் முதுகு நிறைய வாணம் கட்டிக் கொளுத்திவிட்டுத் தெருவெங்கும் இழுத்து ஓடுவார்கள். சிவகாசியில் பட்டாசு எந்தக் கோயிலுக்குள்ளும் பிறக்கவில்லை, சந்தைக்கென்று பிறந்தது. ஆனாலும் ஆடிப் பதினெட்டு அன்று கடைகளில் பூசை போட்டு, அந்த ஆண்டின் புதிய ரகங்களை அடுக்கி வைத்து, முதல் பெட்டியைக் கைராசிக்காரர் ஒருவரிடம் விற்றுத்தான் தீபாவளி வியாபாரம் தொடங்குகிறது.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை வெடித்தபோது 40 பேரளவில் இறந்தார்கள். முதல் வெடியைக் கேட்டுக் காப்பாற்றவும் பார்க்கவும் ஓடிவந்த பக்கத்து ஊர்க்காரர்களும் அதில் அடக்கம். 2016 டிசம்பர் 20 அன்று துல்தெபெக்கின் சான் பாப்லித்தோ பட்டாசுச் சந்தை வெடித்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2005-லும் 2006-லும் எரிந்த அதே சந்தை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம், கடைகள் சரக்கால் நிரம்பி வழிந்த நேரம். முதலிப்பட்டியில் தீபாவளிக்கு இரண்டு மாதம் இருந்தது, ஆர்டரை முடிக்கும் அவசரம். சிவகாசிப் பக்கம் இப்படி இறந்தவரின் வீட்டுக்கு ஆலைக்காரர் தருவது ஒரு தொகை, அரசு அறிவிப்பது ஒரு தொகை, ஈமச்சடங்குக்கு ரொக்கம். காலனி வீட்டுத் திண்ணையில் காசோலை கைமாறும் படம் மறுநாள் நாளிதழில் வரும். தன் சமூகத்துப் பிள்ளையின் படிப்புக்கு நூறாண்டுக்கும் மேலாக விற்றுமுதலில் பங்கு ஒதுக்கத் தெரிந்த சந்தை, சரவெடிக்குத் திரி வைப்பவருக்கென்று அப்படியொரு வரியைச் சிட்டையில் இதுவரை சேர்க்கவில்லை.